சாலை வந்தது, சந்தை எங்கே?

ரெட்டிபாளையத்தில் பொழுது விடியுமுன்பே லாரிகள் எழுந்துவிடுகின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் ஆலைக்குள் போகின்றன. சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரிகள் வெளியே வருகின்றன. திருச்சியிலிருந்து கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் அகன்றுவிட்டது. இனி வியாபாரம் பெருகும், வட்டாரம் செழிக்கும் என்கிறார்கள்.

சாலை வேண்டாம் என்று சொல்ல நாம் என்ன பைத்தியக்காரர்களா? 1956 நவம்பர் 23-ம் தேதி மருதையாற்று வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை அரியலூர் மறக்கவில்லை. உறுதியான பாலத்தின் அருமையை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

ஆனால் சாலை எதைச் சுமக்கிறது, யாருக்காக? ஆப்பிரிக்காவின் தென்பகுதியைப் பாருங்கள். ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவே, ஜாம்பசி நதிக்கரையில் கசுங்குலா என்ற இடத்தில், லாரிகள் படகுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. 2021 மே மாதம் அங்கே 923 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் மட்டும் போதாது என்று, இரு நாட்டுச் சோதனையையும் ஒரே இடத்தில் முடிக்கும் சாவடியையும் சேர்த்தே வைத்தார்கள். நல்ல காரியம்தான். இருந்தாலும் அந்தப் பக்கத்துப் பாதைகளில் வடக்கேயிருந்து செம்பு போகிறது. தெற்கேயிருந்து தயாரான சாமான் வருகிறது.

நம் கதை வேறா? சிமெண்ட் போகிறது, பள்ளம் மிஞ்சுகிறது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி விவசாயியைக் கேளுங்கள். கொட்டையை இருப்பு வைக்கக் கிடங்கில்லை, விலை ஏறும்வரை காத்திருக்கக் கையில் காசில்லை. தோப்பிலேயே விலை பேசி வாங்கி, பண்ருட்டிக்குக் கொண்டுபோகிறான் வியாபாரி. உடைத்துப் பருப்பாக்கும் வேலையும் அந்தக் கூலியும் சாலையேறிப் போய்விடுகின்றன. நான்கு வழிச் சாலை தோப்பு வாசலிலேயே ஓடினாலும் விலை சொல்பவன் அவன்தான். சாலையோடு கிடங்கும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், முந்திரி உடைக்கும் கூட்டுறவுச் சாலையும் கேட்பது பேராசையா?

இன்னொன்று. நிலம் எடுத்தால் நஷ்டஈடு பட்டாதாரருக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பகுதியில் முந்தைய மூன்று வருஷம் கூலி வேலை செய்து, அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்டவரும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது 2013-ம் வருஷத்துச் சட்டம். அதன் மறுவாழ்வு விதிகள் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2015 முதல் பொருந்தும். அடுத்த தடவை அதிகாரிகள் கணக்கெடுக்க வரும்போது, களையெடுக்கப் போகும் பெண்களும் வரிசையில் நின்று தங்கள் பெயரைப் பதியச் சொல்லட்டும்.