கீரையும் கோழியும் ஒரே சட்டியிலா?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வல்லத்தில் என் வைத்தியசாலைக்கு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கூடவே பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, மருமகளுக்கு நாத்தனார். வைத்தியம் அவளுக்குத்தான். ஆனால் அவளைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.

"நீங்களே நியாயம் சொல்லுங்க டாக்டரய்யா. இவ பஞ்சாப்ல நாலு வருஷம் இருந்துட்டு வந்தா. வந்ததும் வராததுமா கோழிக் குழம்புல கீரையக் கடைஞ்சு ஊத்தி வெச்சிருக்கா. கறியும் கீரையும் ஒண்ணா சேருமா? வயித்துல வெஷமா மாறாதா?"

மருமகளின் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஜலந்தரில் குடியிருந்தார்களாம். "அங்க குளிர் வந்தா வீட்டுக்கு வீடு கடுகுக்கீரை மசியல்தான் அத்தை. அசைவம் சாப்பிடறவங்க அதுலயே கோழியும் போடுவாங்க" என்றாள் அவள், மெதுவாக.

நான் இருவருக்கும் பதில் சொல்லாமல் அந்தச் சின்னப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி போல இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.1. இந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது.

இவள் ஒருத்தி மட்டுமல்ல. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இத்தனைக்கும் நம் வீடுகளில் கீரைக்குக் குறைச்சலா? வாரத்தில் இரண்டு நாள் கீரை செய்கிறோமே, அது எங்கே போகிறது?

இங்கேதான் பஞ்சாப் மருமகளின் சட்டிக்கு வருகிறேன். கீரையில் இரும்பு உண்டு, உண்மை. ஆனால் அது உடம்பில் சுலபமாக ஏறாத இரும்பு. நூற்றுக்குப் பத்து பங்கு ஏறினாலே பெரிய விஷயம். அதே கீரையோடு கோழியோ மீனோ சேர்ந்தால், அந்த மாமிசத்தின் சத்து கீரையின் இரும்பையும் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காயும் இதே வேலையைச் செய்யும். கோழிச் சதையில் இரும்பு அப்படியொன்றும் அதிகமில்லை (ஈரலில் அதிகம், அதைத் தூக்கிப் போடாதீர்கள்). அதன் பெருமை, பக்கத்தில் இருப்பதை ஏற்றிவிடுவதுதான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, சேரக் கூடாத உணவு என்று பாலும் மீனும், சம அளவில் நெய்யும் தேனும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மாளிடம் கேட்டேன்: "மரக்காணத்துக் கருவாட்டையும் காய்ந்த இறாலையும் முருங்கைக்கீரையில் போட்டு வதக்கிச் சாப்பிட்டதில்லையா நீங்க?" சிரித்துவிட்டார். முட்டையை உடைத்து ஊற்றி முருங்கைக்கீரை பொரிப்பதும் நம் வழக்கம்தானே? ஆந்திராவில் புளிச்சக்கீரையில் ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் கோழிச் சாற்றில் நம் முருங்கை இலையையே உருவிப் போடுகிறார்கள். அவர்கள் வயிற்றில் விஷமாகவில்லை.

ஆனால் இரவில் கீரை வேண்டாம் என்பதை நான் இன்றும் சொல்கிறேன். செரிமானம் மந்தமானவர்களுக்கு அது பொருமல் தரும், கோழியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மதியம் சாப்பிடுங்கள். மார்கழி, தை என்கிற முன்பனிக் காலத்தில் பசியும் நன்றாக எடுக்கும்.

செய்முறையில் ஓட்டலைப் பார்த்துக் கெட்டுப் போகாதீர்கள். நெடுஞ்சாலை தாபாவில் பச்சைப் பசேல் என்று ஒன்றைத் தருகிறார்களே, அதில் பாதி க்ரீம், முந்திரி. சில இடங்களில் பச்சை மாறாதிருக்க ஆப்பசோடா வேறு. அது கீரையின் வைட்டமினைத் தின்றுவிடும். பாலேடு அதிகமானால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பையும் தடுக்கும்.

பஞ்சாபில் கடுகுக்கீரையின் காரத்தை அடக்க பதுவா என்று ஒரு கீரை சேர்ப்பார்கள். கோதுமை வயலில் களையாக முளைப்பது. அது வேறொன்றுமில்லை, நம் சக்கரவர்த்திக் கீரைதான்! கடுகுக்கீரை இங்கே கிடைக்காது, கவலை வேண்டாம். முள்ளங்கி வாங்கும்போது கடைக்காரர் கிள்ளி எறிகிற இலை இருக்கிறதே, அதுவும் அதே குடும்பம், அதே காரம். இளசாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், காசுகூடக் கேட்க மாட்டார்.

அரைக் கிலோ நாட்டுக்கோழிக்கு இரண்டு பெரிய வெங்காயத்தைக் கடலை எண்ணெயில் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு, இரண்டு தக்காளி, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு போட்டுக் கோழியைச் சேர்த்து, தண்ணீர் விட்டு மெத்தென்று வேகவிடுங்கள். முள்ளங்கி இலை, சக்கரவர்த்திக் கீரை இரண்டு கட்டு, வெந்தயக்கீரை ஒரு பிடி தனியே வேகவைத்து மத்தால் கடைந்து ஊற்றி, பத்து நிமிடம் சிறு தீயில். முருங்கை என்றால் கடைய வேண்டாம், கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அவர்கள் மக்காச்சோள ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். நமக்குக் கம்பு ரொட்டி, கேழ்வரகு அடை இருக்கிறது.

பாலக் கீரையில் செய்தால், அதை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கல்லடைப்பு வந்தவர்களுக்கு அந்தக் கீரையே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கோழிக் குழம்பை மட்டும் எழுதிக் கொடுத்து நான் அனுப்பவில்லை. 9.1 என்பது குழம்பால் மட்டும் சரியாகிற கணக்கல்ல. பூச்சி மருந்து கொடுத்தேன். அன்னபேதிச் செந்தூரம் கொடுத்தேன். அதுவும் இரும்புதான், இரும்பு வேண்டாம் என்று எங்கள் வைத்தியம் ஒருநாளும் சொன்னதில்லை. பள்ளியில் வாரம் ஒரு நாள் தருகிற நீல மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதாக ஒப்புக்கொண்டாள். இந்தச் செந்தூரம் முடிந்த பிறகு அதை ஒழுங்காக விழுங்கச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்: "சாப்பிட்டதும் டீ குடிப்பியாம்மா?" தட்டைக் கழுவும் முன்பே டீ வேண்டுமாம். சாப்பாட்டோடு இறங்குகிற டீ, காப்பி இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.4. கண்ணில் ரத்தம் தெரிந்தது. என் செந்தூரத்துக்குத்தான் அதில் பெரும்பங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் விடவில்லை. "எல்லாம் எங்க வீட்டுப் பஞ்சாப்காரி குழம்புதான் டாக்டரய்யா" என்று சொல்லிவிட்டு, ஒரு தூக்குவாளியை மேஜைமேல் வைத்தார்.