வாங்குவோர் அறிவும் வைத்தியச் சந்தையும்

1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி, யுத்த காலத்திலிருந்து தொடர்ந்து வந்த உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, பஞ்சம் வந்து சேரும் என்று அஞ்சியவர்கள் பலர்; ஆயினும் பதுக்கிவைத்த நெல் வெளியே வந்தது, கடைகளில் அரிசி தாராளமாகக் கிடைத்தது. சர்க்கார் கட்டுப்பாடுகளை மறுத்து வாதிடுகிற தமிழ்நாட்டார் எவருக்கும் இதைக் காட்டிலும் வலுவான சாட்சியம் கிடைப்பது அரிது. வைத்தியத் துறையிலும் அரசாங்கம் விலகி நின்றால் போதும், போட்டியே விலையைக் குறைத்துத் தரத்தை உயர்த்திவிடும் என்று இன்று நம் மருத்துவமனை நிர்வாகிகளில் பலர் பேசும்போது, அத்தகைய அனுபவமே அவர்களுடைய நம்பிக்கைக்கு ஆதாரமாக நிற்கிறது. அந்த நம்பிக்கையை இகழ்ந்து ஒதுக்காமல், மரியாதையோடு எடுத்துச் சோதித்துப் பார்ப்பது இப்பத்திரிகையின் கடமை என்று கருதுகிறோம்.

அரிசிச் சந்தை ஒழுங்காக நடப்பதற்கு முதற்காரணம் வாங்குகிறவர்களுடைய அறிவு. கடைக்குப் போகிற குடும்பத்தலைவி ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிக் கல்லையும் நொய்யையும் பார்த்து, விலை படியாவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறாள். நள்ளிரவில் மார்பு வலியோடு கொண்டுவரப்படுகிற ஒருவனுக்கோ, தன் நோய் இன்னதென்று தெரியாது. எழுதப்பட்ட மருந்து அவசியந்தானா என்று தெரியாது. பிழைத்தெழுந்த பின்பும்கூட, அது மருந்தால் வந்த குணமா, இயற்கையாக வந்த குணமா என்று சொல்ல இயலாது. இவற்றை விசாரித்தறிந்து வேறிடம் செல்வதற்கு அவகாசமும் கிடையாது. நிச்சயமின்மையும், விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையிலுள்ள அறிவின் ஏற்றத்தாழ்வும், வைத்தியத்தை மற்றச் சரக்குகளிலிருந்து பிரித்துவிடுகின்றன என்பதை 1963இல் கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கிக் காட்டினார். போட்டிச் சந்தையில் சமநிலை எவ்வாறு சாத்தியமாகிறது என்பதைக் கணித முறையில் நிரூபித்தவர்களுள் முதல் வரிசையில் வைக்கப்படுபவரும், 1972இல் நோபல் பரிசு பெற்றவருமான அவருடைய முடிவை, சந்தையின் விரோதி ஒருவர் சொன்ன குறையாகத் தள்ளிவிட நியாயமில்லை.

மருந்து விற்பனையைப் பாருங்கள். தேர்ந்தெடுக்கிறவர் மருத்துவர், பணம் கொடுக்கிறவர் நோயாளி. மருந்து நிறுவனங்களிடையே போட்டி இல்லாமலில்லை; அது கடுமையாகவே நடக்கிறது. ஆனால் அந்தப் போட்டி மருத்துவருடைய பேனாவைக் குறித்து நடக்கிறதேயன்றி, நோயாளியின் பணத்தை மிச்சப்படுத்துவது குறித்து நடப்பதில்லையாதலால், ஒரே மூலப்பொருளைக் கொண்ட மாத்திரைகளில் விலை அதிகமானதே அதிகம் விற்கிற விபரீதத்தை நம் மருந்துக் கடைகளில் தினந்தோறும் காண்கிறோம்.

இதற்குப் பரிகாரமாக மத்திய அரசாங்கம் மேற்கொண்ட வழி விலைக் கட்டுப்பாடு. 1995ஆம் ஆண்டின் ஆணை உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை நிர்ணயித்தது. 2013ஆம் ஆண்டின் ஆணை அந்த முறையைக் கைவிட்டு, சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு பெற்றுள்ள தயாரிப்புகளின் விலைகளைச் சராசரி செய்து, அதனோடு சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்த்து, அதையே உச்சவரம்பு என்று விதித்தது. சந்தையிலே கண்ட விலையே நியாயத்துக்கு அளவுகோல் என்பது இதன் தாத்பரியம். விலையைக் குறித்துப் போட்டியே நிகழாத ஒரு சந்தையின் விலைகளைக் கூட்டி வகுத்தால், அந்தச் சந்தையின் குறை முழுவதும் விடைக்குள்ளும் வந்து சேர்ந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம். கட்டுப்பாடு என்ற பெயர் இதற்கு உண்டு. கட்டுப்பாட்டின் பலன் பாதிதான் உண்டு.

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருதய ஸ்டென்ட்களுக்கு விலை விதித்ததோ முழு பலத்தோடு செய்யப்பட்ட காரியம். லட்ச ரூபாய்க்கு மேலும் விற்றுவந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், வெற்று உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் வரம்பாக அமைந்தன. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த அந்த ஆணையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் ஆணை தொட்டது ரசீதின் ஒரு வரியைத்தான். அறை வாடகை, கதீட்டர், பலூன், கட்டணம் என்று மற்ற வரிகள் பலவும் அதே ரசீதில் இருந்தன. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உயர்வகை ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டு விண்ணப்பித்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, ஸ்டென்டின் விலையைக் குறைக்க வல்ல ஆணை, அவசியமற்ற ஸ்டென்ட் ஒன்று பொருத்தப்படாமல் தடுக்க வல்லதன்று.

அப்படியானால் அரசாங்கமே உற்பத்தி செய்து அரசாங்கமே விநியோகிக்கட்டும் என்று சொல்லுகிறவர்கள், குன்னூரில் 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையத்தின் சரித்திரத்தையும், கிண்டியில் 1948இல் தோன்றிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடத்தின் சரித்திரத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி அளித்துவந்த இவ்விரு நிலையங்களின் உற்பத்தி உரிமமும், கசௌலியிலுள்ள மற்றோர் அரசாங்கத் தடுப்பூசி நிலையத்தின் உரிமத்தோடு சேர்ந்து, நல்லுற்பத்தி நெறிகளுக்கு இணங்கவில்லை என்ற காரணத்தால் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. குறை இருந்தது உண்மை. ஆனால் கட்டடங்களையும் கருவிகளையும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப் பொருள் ஒதுக்க வேண்டியிருந்தவரும் அரசாங்கமே, புதுப்பிக்கப்படவில்லை என்று தண்டித்தவரும் அரசாங்கமே. உரிமையாளரும் பரிசோதகரும் ஒருவராகவே இருக்கிற இடத்தில், குறையை உரிய காலத்தில் எடுத்துச் சொல்ல வெளியிலே ஒருவர் இல்லாமற் போய்விடுகிறார்.

இந்த இரண்டு வழிகளுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போனால் போதும். 1994இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டு, 1995 முதல் மருந்து விநியோகத்தில் இறங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து எதையும் உற்பத்தி செய்வதில்லை. யாருக்கும் விலை விதிப்பதுமில்லை. அது வாங்குகிறது, அவ்வளவே. ராஜ்யம் முழுவதிலும் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வேண்டிய மருந்துகளை, வியாபாரப் பெயரால் அன்றி மூலப்பெயரால், அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றில் அடக்கி, ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே டெண்டரில் கேட்கிறது. நிறுவனங்கள் இரண்டு உறைகளில் பதில் அளிக்க வேண்டும். உற்பத்தித் தகுதியைக் காட்டும் முதல் உறையில் தேறியவர்களுக்கே இரண்டாவது உறை, அதாவது விலை உறை, பிரிக்கப்படுகிறது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து, ரகசியக் குறியீடு இட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் தேறிய பிறகே மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். தவறு செய்யும் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் ஒன்று உண்டு. அதில் குறித்த தொகைக்குள், தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய அளவில் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அந்த ஆஸ்பத்திரியின் தலைவருக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டில் கட்டளைக்கு உரிய இடம் எவ்வளவு, போட்டிக்கு உரிய இடம் எவ்வளவு என்று நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். விலையைக் குறைப்பது போட்டிதான். சந்தையை நம்புகிறவர்கள் சொல்லுகிற அதே போட்டி, அவர்கள் சொல்லுகிறபடியே வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்வதற்குக் காரணம், நோயாளியின் ஸ்தானத்தில், மருந்தின் தரத்தைச் சோதிக்கத் தெரிந்தவரும், மொத்தமாக வாங்கும் பலம் உடையவரும், வேறொருவரிடம் போக முடிந்தவருமான ஒருவர் நிற்பதுதான். 1952இன் அரிசிக் கடையில் இயல்பாகவே இருந்த அறிவுடைய வாங்குவோரை, மருந்துச் சந்தையில் சட்டத்தாலும் நிர்வாகத்தாலும் அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ராஜஸ்தான் அரசாங்கம் 2011இல் தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே மாதிரியைப் பின்பற்றியதில் வியப்பில்லை.

டெண்டருக்குப் பதில் அளிக்கப் பல நிறுவனங்கள் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பெரும்பாலும் நாம் மறந்துவிடுகிறோம். மருந்துப் பொருளுக்கு அன்றி, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று 1970இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், 2005இல் மாற்றப்படும் வரையில், இந்தியாவில் மூலப்பெயர் மருந்துத் தொழிலைப் பெருக வளர்த்தது. வாங்குவோரை உண்டாக்கியது ஓர் அரசாங்கம் என்றால், விற்போர் பலராக இருக்கும்படி செய்தது இன்னோர் அரசாங்கத்தின் சட்டம். காப்புரிமை உள்ள புதிய புற்றுநோய் மருந்துகளில் விற்பவர் ஒருவரே என்று ஆகிறபோது, எவ்வளவு திறமையான டெண்டரும் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே விலைக் கட்டுப்பாட்டுக்கும் கட்டாய உரிமத்துக்கும் உண்மையான அவசியம் இருக்கிறது.

இனி, நாம் கவலையோடு கவனிக்கிற விஷயத்துக்கு வருவோம். 2009இல் தமிழ்நாட்டில் உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது முதலும், 2018இல் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்ச ரூபாய் என்ற மத்தியத் திட்டம் வந்தது முதலும், அரசாங்கம் மருந்தை மட்டுமன்றி அறுவை சிகிச்சையையும் விலைக்கு வாங்குகிறது. ஏழைகளுக்குத் தனியார் மருத்துவமனையின் கதவைத் திறந்த இந்தத் திட்டங்களின் நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் மருந்து வாங்குகிற அரசாங்கத்துக்கும் சிகிச்சை வாங்குகிற அரசாங்கத்துக்கும் உள்ள வேற்றுமை பெரிது. மாத்திரையின் ஒவ்வொரு பேட்சையும் ரகசியக் குறியீடிட்டுச் சோதிக்கிற அரசாங்கம், தான் பணம் கொடுக்கிற சிகிச்சை அவசியமாக இருந்ததா, அதன் பலன் என்ன, நோயாளி ஓராண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்பவற்றை அதே கண்டிப்போடு சோதிக்கவில்லை. ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்துவிட்டால் வாங்கும் வேலை முடிந்தது என்று நினைப்பது, ஸ்டென்ட் ஆணையின் குறையையே இன்னும் பெரிய அளவில் செய்வதாகும். தொகை குறைவென்று நல்ல மருத்துவமனைகள் ஒதுங்குவதும், குறைந்த தொகையை எண்ணிக்கையால் ஈடுகட்ட மற்றவை முயல்வதும் இதனால் நேரக்கூடிய அபாயங்கள்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் தெரிவிக்கின்றன. பணம் தனி மனிதரின் பையிலிருந்து பொதுப் பைக்கு மாறிவரும் காலம் இது. அந்தப் பொதுப் பையைக் கையில் வைத்திருப்பவர் அறிவோடு வாங்கினால் நன்மை. கேள்வி கேளாமல் பணம் கொடுத்தால், சந்தையின் தீமையும் சர்க்காரின் தீமையும் ஒருங்கே வந்து சேரும்.

இதில் வைத்தியத் தொழிலைச் சேர்ந்தவர்களாகிய நம் பொறுப்பு சிறியதன்று. வாங்குவோரின் அறிவு என்று நாம் இதுவரை பேசியது, கடைசியில், நம்முடைய அறிவுதான். பட்டியலில் மருந்து இருக்க, வியாபாரப் பெயர் ஒன்றை வெளியில் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவரும், பலனளிக்காத ஒரு பேட்சைக் கண்டும் புகார் எழுதாமல் விட்டுவிடும் ஒவ்வொரு மருந்தாளுநரும், கழகத்தின் முப்பதாண்டு உழைப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் சிகிச்சை முடிவுகள் நோயாளியின் பெயர் நீக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்றும், அவற்றை மருத்துவமனை இன்னதென்று தெரியாத வேறு ஊர் நிபுணர்கள் பரிசீலிக்க வேண்டும் என்றும், மருந்துக்கு உள்ள கறுப்புப் பட்டியல் சிகிச்சைக்கும் தயக்கமின்றி அமலாக வேண்டும் என்றும் அரசாங்கத்தை நாம் வேண்டுகிறோம். தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் வாசகர்கள் இந்தப் பரிசீலனையைத் தங்கள் மேல் வந்த சந்தேகமாக எண்ணாமல், தங்கள் நல்ல வேலையை நாடறியச் செய்யும் சாதனமாகக் கொண்டு, தங்கள் சங்கங்களின் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் பணிபுரிபவர்கள், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியவை எவை, நீக்க வேண்டியவை எவை என்பதைக் காரணத்தோடு எழுதித் தங்கள் மேலதிகாரிகளுக்கும் கழகத்துக்கும் தவறாமல் அனுப்ப வேண்டும்.