நாவும் தராசும்

"பேர்பன் என்கிறார்கள், ரை என்கிறார்கள். இரண்டும் விஸ்கிதானே ஐயா? ஒரு பொருளுக்கு ஏன் இரண்டு பெயர்?" என்று அமெரிக்கத் திரைப்படங்களில் ஈடுபாடுள்ள மாணவ அன்பர் ஒருவர் எம்மை வினவினார். ஆசிரியரிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று அருகிலிருந்தோர் நகைத்தனர். கேட்கத்தக்கதே என்பது எமது கருத்து. அருந்தி அறிந்து விடை கூறும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் நூல்வழி அறிந்ததைக் கூறுவதிற் குற்றமில்லை அன்றோ?

அந்நாட்டுச் சட்டம் இவ்விரண்டையும் தானியத்தைக் கொண்டே பிரிக்கின்றது. ஊறலிடும் தானியத்தில் 51 வீதத்துக்குக் குறையாமல் மக்காச்சோளம் இருந்தால் அது பேர்பன். அதே அளவு 'ரை' என்னும் குளிர்நாட்டுத் தானியம் இருந்தால் அது ரை விஸ்கி. இரண்டையும் உட்புறம் தீயிற் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாய்களில் இட்டு முதிரவைப்பர். பேர்பன் தமது நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என அமெரிக்கக் காங்கிரஸ் 1964ஆம் ஆண்டில் தீர்மானமே நிறைவேற்றியது. சோளம் மெல்லிய இனிப்பையும், ரை மிளகு போன்ற உறைப்பையும் தருமாம். சுவைஞர் இரண்டையும் அருகருகே வைத்து, நிறம் பார்த்து, முகர்ந்து, சிறிது நாவிலிட்டு, ஒன்றையொன்று ஒப்புநோக்கித் தீர்ப்புக் கூறுவர். மதுவைப் பற்றிய பேச்சை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம். மலையகத்தில் அது கெடுத்த குடிகள் போதும்.

ஆனால் அம்மாணவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே இதனினும் சுவையான ஒரு வினாவைக் கேட்டிருக்கலாம். எல்லாம் தேயிலைதானே, பின் ஏன் திம்புள்ள என்றும் ஊவா என்றும் நுவரெலியா என்றும் சப்ரகமுவ என்றும் பல பெயர்? விஸ்கியிலே தானியம் வேறுபடுகின்றது. இங்கோ செடி ஒன்று. பறிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்று. மலை ஏற ஏறச் சுவை மாறுகின்றது. காற்றுத் திரும்பினாலும் மாறுகின்றது.

கினிகத்தேனையில் வாழ்வோருக்கு இதைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு உண்டு. கித்துல்கலையில் பஸ் ஏறி, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹற்றன் சென்று இறங்கும் ஒரே பயணத்தில் இலங்கைத் தேயிலையின் மூன்று படிகளையும் கடந்துவிடலாம். 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 1200 மீற்றர் வரை இடைநிலத் தேயிலை. அதற்கு மேலே உயர்நிலத் தேயிலை. தாழ்நிலத் தேநீர் கருஞ்சிவப்பாய்க் கனத்திருக்கும். மேலே செல்லச் செல்ல நிறம் தெளிந்து பொன்மை ஏறும், மணம் கூர்மை பெறும். 1800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது மிக மென்மையாய், ஏறத்தாழப் பூமணம் உடையதாய் முடிகின்றது. உயர்ந்த மலை என்றால் உயர்ந்த விலை என்று எண்ணிவிடலாகாது. நாட்டில் உற்பத்தியாகும் தேயிலையிற் பாதிக்கும் மேற்பட்டது தாழ்நிலத்தது. மத்தியகிழக்கு நாட்டவர் அதன் கனத்தையே விரும்புதலால், அண்மைப் பல ஆண்டுகளாகக் கொழும்பு ஏலத்தில் அதன் சராசரி விலை உயர்நிலத் தேயிலையினதை மிஞ்சியே வந்துள்ளது.

இனிக் காற்று. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிற் கொட்டும்போது (வட்டவளைப் பக்கத்து மழையை அறியாதார் யார்?) கொழுந்து விரைந்து தளிர்க்கும், சுவையோ வெளிறும். அதே வேளையில் மலையைத் தாண்டி ஈரமிழந்து வரும் கச்சான் காற்று பதுளை, ஹப்புத்தளைப் பக்கத்து ஊவாச் சரிவுகளை உலர்த்துகின்றது. கச்சான் என்றதும் கடலையை நினைக்கும் சிறுவர்கள் மன்னிப்பார்களாக; காற்றுக்கும் அதுவே பெயர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றில் வாட்டமுற்ற இலையிலே மெதைல் சலிசிலேற்று என்னும் மணப்பொருள் மிகுந்து, தலைவலித் தைலத்தை நினைவூட்டும் குளிர்ந்த வாசம் ஊவாத் தேநீருக்கு உண்டாகின்றது. திம்புள்ளப் பகுதிக்கு, அதாவது ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களுக்கு, அத்தகைய நற்காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர், மழையின்மை ஆகிய மூன்றும் செடியின் வளர்ச்சியைத் தடுத்துச் சுவையைச் செறியவைக்கின்றன.

மலையும் காற்றும் கொடுத்ததைக் கெடுப்பதும் காப்பதும் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பிவைத்து, சூட்டிலிட்டு உலர்த்துவர். பரப்பிவைக்கும் கட்டத்தை நொதித்தல் என்பது வழக்கு. பெயர்தான் அது, விஸ்கியை ஆக்கும் மதுவம் இங்கே இல்லை. நசுங்கிய இலையின் சாற்றோடு காற்றிலுள்ள ஒட்சிசன் கூடுவதே நிகழ்ச்சி. முதலில் தியாபிளேவின் என்னும் பொன்னிறப் பொருள்கள் பிறந்து தேநீருக்கு ஒளியையும் உயிர்ப்பையும் தருகின்றன. நேரம் செல்லச் செல்லத் தியாரூபிகின் பெருகி நிறமும் கனமும் கூடும். சற்றுப் பிந்தினால் உயிர்ப்புப் போய்விடும். டீமேக்கர் ஐயா மணிக்கூட்டைப் பார்ப்பதினும் மிகுதியாக இலையை முகர்ந்து பார்ப்பது இதனாலேயே.

பின்னர்க் கொழும்பு. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. அன்றுதொட்டு விலைக்கு முன்னோடி சுவைஞரின் நாவே. நீண்ட மேசையிலே வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னும் உலர்ந்த தூள். அருகே ஊறிய இலை. சுவைஞர் கரண்டியால் அள்ளி, விருந்தில் யாரும் செய்யத் துணியாத பேரோசையோடு உறிஞ்சி, வாயினுள் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஓசை பகட்டன்று. நீர் துளித்துளியாகச் சிதறி அதன் ஆவி தொண்டைவழி மூக்குக்கு ஏற வேண்டும். மணத்தை அறிவது மூக்கேயன்றி நாவன்று. ஒரு நாளிற் பல நூறு கிண்ணம் பார்ப்பவர் விழுங்குவது எங்ஙனம்?

இவ்விடத்தில் தமிழருக்கு ஒரு சிறப்பு உண்டு. மேனாட்டு அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என ஐந்தையே சுவை எனக் கணக்கிடும். தேநீரின் உயிராகிய துவர்ப்பு அக்கணக்கிற் சேராது. உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு அது பிணைந்து நாவைச் சுருங்கச் செய்யும் உணர்ச்சி என்பர். நம் முன்னோர் அதனை அறுசுவையில் ஒன்றாகவே வைத்தனர். பாக்கும் வாழைப்பூவும் கடுக்காயும் உண்டு வளர்ந்த குழந்தைக்குத் துவர்ப்பு இன்னதென விளக்க வேண்டுவதில்லை. தேயிலை சுவைக்கும் கலையில் நம் பிள்ளைகள் பிந்தி நிற்பதற்கு நாவிலே காரணம் இல்லை.

எனின் காரணம் எங்கே? எமது மாணவரிற் பலர் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் மக்கள். தம் தோட்டத்துத் தேயிலையின் முதற்றரத்தைப் பருகியதுண்டா என்று வகுப்பிற் கேட்டோம். கை உயர்த்தியோர் மிகச் சிலர். வீட்டில் இருப்பது சல்லடையின் அடியில் வீழ்ந்த தூள். அதனைக் கருகக் காய்ச்சி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ, கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டோ குடிக்கும் சாயத்தண்ணீரே அவர்கள் அறிந்த தேநீர். அதன் அருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. விடியற்குளிரில் ரொட்டியோடும் சம்பலோடும் அதற்கு நிகர் ஏது? ஆயினும் தாய் பறித்த கொழுந்தின் மணத்தை மகன் அறியாதிருப்பது எமக்கு உறுத்துகின்றது.

அதனினும் உறுத்துவது ஒன்று உண்டு. கொழும்பில் நா அளக்கின்றது. மலையிலே தராசு அளக்கின்றது. குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர், நிறையாவிட்டால் அரைப்பேர். திம்புள்ளத் தேயிலை உலகப் புகழ் பெறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாரங்களில் செடி தளிர்ப்பது குறைவு. எனவே சுவை ஏறுங்காலத்தில் கூடை இலேசாகின்றது. மழைக்காலத்து வெளிறிய கொழுந்துக்கு முழுப்பேர் எளிதிற் கிடைக்கும். நற்காலத்துக் கொழுந்துக்கு அதுவே அரிதாகும். சில தோட்டங்களில் அக்காலத்தில் அளவைக் குறைப்பதுண்டு. எவ்வளவு குறைப்பது என்பதிலேதான் தகராறு. எடையை நிரப்பும் அவசரத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற விதி தளர்ந்து முற்றிய இலை கூடையில் விழுமாயின், சில வாரங்களில் கொழும்பிலிருந்து 'தூளிற் காம்பு மிகுதி; தேநீர் கரடு' என்ற குறிப்போடு தரகரின் அறிக்கை தொழிற்சாலைக்கு வந்து சேரும். அக்குறிப்பு டீமேக்கரிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து கங்காணிக்கும் இறங்கி, கடைசியிற் கடுஞ்சொல்லாகவே பறிக்கும் பெண்ணை அடைகின்றது. அந்தக் கிண்ணத்தை அவருக்கும் ஒருமுறை நீட்டி, நல்லதையும் கரடானதையும் அருகருகே சுவைக்கச் செய்து, தராசின் கணக்கிலே சுவைக்கும் ஒரு பங்கு கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகின்றது. தோட்டத்துரைமார் இப்பக்கத்தைப் படிப்பதுண்டா என்பது வேறு வினா.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். திம்புள்ள, ஊவா, சப்ரகமுவ ஆகிய மூன்றிலிருந்தும் சிறு பொதி ஒவ்வொன்று வாங்குக. தூள் மூன்றும் ஏறக்குறைய ஒரே பருமனாயிருத்தல் வேண்டும். நுண்தூள் விரைவிற் சாயம் இறக்கி முடிவைக் குழப்பும். சர்வதேச நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிறாம் தூள். அப்பொழுதே கொதித்த நீரை ஊற்றி, மூடி, சரியாக 6 நிமிடம் வைத்து வடித்துவிடுக. பாலும் சீனியும் வேண்டா. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். ஊறிய இலையின் நிறத்தையும் பாருங்கள்: செப்புக்காசு போல் ஒளிர்ந்தால் நன்று, பச்சையோ கருமையோ படர்ந்தால் நொதித்தலிற் பிழை. பொதியை யார் வைத்தார் என்பது சுவைப்பவருக்குத் தெரியாதிருக்கட்டும். பாட்டியையும் அழைத்துக்கொள்ளுங்கள், ஓசையோடு உறிஞ்சுவதில் அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. வாங்கும்போது எந்த மாதத்துக் கொழுந்து என்று கடைக்காரரைக் கேட்க மறவாதீர்கள். பொதியில் அது பெரும்பாலும் இராது.