சந்தையில் நாம் விற்பது ஆடா, நோயா?



ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினைந்து நாள்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு வீட்டார் சந்தையிலிருந்து குர்பானிக்கென ஒரு கிடாய் வாங்கி வந்தனர். அதன் மூக்கில் சளி வடிந்தது. கண்ணோரத்தில் பீளை கட்டியிருந்தது. வண்டியில் வந்த குளிர் என்று விற்றவர் சொன்னதை நம்பி, பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் வளர்த்த ஐந்து வெள்ளாடுகளுடன் ஒரே கொட்டிலில் கட்டினர். நான்கைந்து நாள்களில் அந்த வெள்ளாடுகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பிறகு வாயில் புண், நாற்றமடிக்கும் கழிச்சல், மூச்சிரைப்பு. பெருநாள் தொழுகைக்கு நாங்கள் புறப்பட்ட காலையில், அந்த மூதாட்டி தமது மூன்றாவது ஆட்டுக்குக் குழி வெட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். வாங்கிய கிடாய் அதற்கு முன்பே செத்திருந்தது. அந்தக் கிடாயைப் பார்த்து "நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்" என்று பாராட்டியவர்களில் நாங்களும் இருந்தோம். ஆகவே இக்கட்டுரையில் எங்கள் விரல் முதலில் எங்களை நோக்கியே நீளுகிறது.

இது ஆட்டுக்கொல்லி நோய். தட்டம்மைக் கிருமிக்கும், மாடுகளை ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக அழித்த வெக்கை நோய்க் கிருமிக்கும் உறவான ஒரு வைரஸ் இதனை உண்டாக்குகிறது. மனிதரைத் தொற்றாது. ஆனால் தடுப்பூசி போடாத மந்தைக்குள் புகுந்தால் பெரும்பகுதியைச் சாய்த்துவிடும். குட்டிகளே முதலில் மடியும். 1942ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் அறியப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டு நமது தமிழகத்தில், விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கே எடுத்த கிருமியைக் கொண்டே பின்னாளில் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் 'அரசூர் 87' என்னும் தடுப்பூசியை உருவாக்கினர். நோய் வெளிப்பட்ட ஊரின் பெயரே இன்று அதன் மருந்துக்கும் பெயராக இருக்கிறது.

இந்தக் கிருமி காற்றில் நெடுந்தொலைவு பறந்து வருவதில்லை. ஆட்டின் உடலுக்கு வெளியே நெடுநாள் உயிர்வாழ்வதுமில்லை. நோயுற்ற ஆட்டின் மூச்சு, சளி, சாணம் ஆகியவற்றின் வழியே, நெருங்கி நிற்கும் அடுத்த ஆட்டுக்குச் செல்கிறது. அப்படியானால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அதனைக் கொண்டு செல்பவர் யார்? நாம்தாம். ஆண்டிபட்டிச் சந்தையில் அது கைமாறுகிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று வண்டியேறுகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறிக் கேரளமும் செல்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் மந்தையோடும் அது நடந்து வருகிறது.

இதில் மிகக் கொடியது எது தெரியுமா? ஆட்டுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியதும், "சாவதற்குள் விற்றுவிடு" என்று நாம் செய்யும் அவசர விற்பனைதான். நோய் மிகுதியாகப் பரவும் நாள்களில் அந்த ஆட்டை நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறோம். ஓர் ஆட்டின் விலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பத்து வீட்டுக் கொட்டில்களைக் காலி செய்கிறோம்.

இதைச் சொன்னால் மார்க்கத்தின் பெயரால் ஒரு பதில் வருகிறது: "தொற்றுநோய் என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே; எல்லாம் விதிப்படிதான் நடக்கும்." சகோதரர்களே! ஹதீஸின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை மறைப்பது நேர்மையாகுமா? நோய் தானாகவே, அல்லாஹ்வின் நாட்டமின்றித் தொற்றிக்கொள்ளும் என்ற அறியாமைக் கால நம்பிக்கையைத்தான் அந்த ஹதீஸ் மறுக்கிறது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். நோயுற்ற கால்நடைகளை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டு செல்லக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளையை அறிவிப்பவரும், தொற்று இல்லை என்ற செய்தியை அறிவிக்கும் அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள்தாம். இரண்டும் புகாரியில் உள்ளன. மனிதருக்கான பொது அறிவுரையாக அல்ல, கால்நடை வளர்ப்போரை நோக்கியே நேரடியாகச் சொல்லப்பட்ட கட்டளை இது. இதைவிடத் தெளிவாக ஆண்டிபட்டிச் சந்தைக்கு ஒரு சட்டம் எழுத முடியுமா?

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம் விதியைக் கண்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் பதிலளித்தார்கள். தடுப்பூசியும் அல்லாஹ்வின் விதியே. அதனை மறுத்துவிட்டு, செத்த ஆட்டின் தலைமாட்டில் நின்று விதியைப் பழிப்பது தவக்குல் ஆகாது.

இரண்டாவது பதில்: "மனிதருக்குத்தான் ஒட்டாதே, அறுத்தால் ஹலால்தானே?" மனிதருக்கு ஒட்டாது என்பது உண்மை. ஆனால் குறையை மறைத்து விற்பது ஹலாலா? தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததை நாம் எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம்! வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் பரகத் உண்டு, மறைத்தால் பரகத் அழியும் என்பதும் நாம் அறிந்ததே. மேலும், நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்குத் தகாது. அதனை அறிந்தே ஒரு முஸ்லிமின் தலையில் கட்டுபவர், அவருடைய பணத்தோடு இபாதத்தையும் சேர்த்தே பாழாக்குகிறார்.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதனை மட்டும் நம்மால் எளிதில் தள்ளிவிட முடியாது. "நான்கு ஆடுகளை வைத்துப் பிழைக்கும் கைம்பெண் நோய் ஆட்டை விற்காமல் நிறுத்தினால், அவருடைய நட்டத்துக்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. அவர் விற்காமல் நிறுத்தியதால் பயனடைவது சந்தைக்கு வரும் எல்லா ஆடுகளும், அவற்றின் உரிமையாளர்களும். பயன் எல்லாருக்கும், நட்டம் அவருக்கு மட்டும் என்றால் அது நீதியா? ஆகவே நோய் ஆட்டை நிறுத்தி வைத்த ஏழைக்கு மஹல்லாவின் பைத்துல்மாலிலிருந்து கைகொடுக்க வேண்டும். அந்த ஏழை முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. அண்டை வீட்டாரின் உரிமைக்கு மதம் தடையில்லை. இதைச் செய்ய முன்வராத ஜமாஅத்துக்கு அந்தப் பெண்ணைக் குறைகூறும் தகுதி இல்லை.

மற்றவை நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளன. மூன்று, நான்கு மாதம் நிறைந்த குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். பெருநாள் வாரத்தில் போட ஓடாதீர்கள்; உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக நாள் பிடிக்கும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நோய் கண்டால் சந்தைக்கல்ல, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். இவ்வகை நோயைத் தெரிவிப்பதும், நோயுற்றதைப் பிரித்து வைப்பதும் 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி உரிமையாளரின் கடமையாகும். செத்ததை ஓடையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.

வாங்குவோரே! உங்களிடம்தான் பெரும் அதிகாரம் இருக்கிறது. பெருநாள் சந்தையின் விலையைத் தீர்மானிப்பவர்கள் நாம். "தடுப்பூசி போட்டதா?" என்ற ஒரு கேள்வியை நாம் அனைவரும் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு போட்ட ஆடுதான் சந்தைக்கு வரும். கூட்டுக் குர்பானிக்குப் பணம் திரட்டுவோர், விலை குறைந்த ஆட்டைத் தேடுவதை விட்டு நலமான ஆட்டைத் தேடட்டும்.

வெக்கை நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன. நம் பள்ளத்தாக்கில் அந்த இலக்கு நிறைவேறுவதும் தவறுவதும், மூக்கு ஒழுகும் ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி சந்தை வாசலில் நிற்கும் ஒருவர் உள்ளே நுழைகிறாரா, வீடு திரும்புகிறாரா என்பதில் இருக்கிறது.

அவரைத் திரும்பச் செய்யும் ஈமானையும், திரும்பியவரைத் தாங்கிக்கொள்ளும் மனத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.