வீடு திரும்பும் நாள்

சென்ற ஆண்டு பாஸ்கா காலத்தில், திருப்பூரை அடுத்த பங்கு ஒன்றில் புதுநன்மை விழாவில் கலந்துகொண்டோம். வெள்ளுடை அணிந்திருந்த சிறுமியருள் ஒருத்தி அடிக்கடி கோவில் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். விழாவுக்கு வரவேண்டுமென்று பத்து நாள் முன்னதாகவே லாரி ஆபீஸ் மேலாளரிடம் சொல்லியிருந்தார். "ஆகட்டும், பார்த்துக்கலாங்க" என்ற விடையும் பெற்றிருந்தார். சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் புறப்படும் வேளையில், "இந்த ஒரு நடை மட்டும் போய்ட்டு வந்துருங்க, கப்பலுக்குச் சரக்கு நிக்குது" என்றார் மேலாளர். ஞாயிறு காலை மகள் முதன்முறையாக நற்கருணை வாங்கியபோது, தந்தை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

சரக்கை இறக்கிய பின், திரும்பும் லோடு கிடைக்கும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். லாரிக்கு அடியில் பாய் விரித்து மூன்று நாள் காத்திருந்தார். ஊர் வந்து சேர்ந்து விடுப்புக் கேட்டபோது, "அதான் மூணு நாள் சும்மா இருந்தீங்களே?" என்றார் மேலாளர். வாக்குவாதம் முற்றியது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறியவர், வரவேண்டிய படிக்காசுக்காக இரு வாரங்கள் அலைந்தார்.

பின்னலாடைத் தொழில் செழித்த நம் பகுதியில் இத்தகைய பூசல் புதிதன்று. எனினும், மேலாளரைக் கல்நெஞ்சர் என்று கூறி ஒதுங்கிவிடுவது எளிது, நேர்மை ஆகாது. அவருடைய நிலையையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். வெளிநாட்டு வணிகர் குறித்த தேதி ஒன்று; அதற்குரிய கப்பல் ஒன்று. நூல் வருவதில் தாமதம், சாயப்பட்டறையில் தாமதம், தையலில் தாமதம், செக்கிங்கில் தாமதம், பேக்கிங்கில் தாமதம். இவ்வாறு இழந்த நாள்களையெல்லாம் எங்கே ஈடுசெய்வது? கடைசியில் எஞ்சி நிற்பது சாலை ஒன்றே. பெட்டிகளை இரவில் ஏற்றி, 300 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூத்துக்குடிக்கு விடியுமுன் சேர்க்கச் சொல்கிறார்கள். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப நேரிடும். அச்செலவு இலாபத்தையே விழுங்கிவிடும். ஆக, பலர் செய்த தாமதத்தை, கடைசியில் நிற்கும் ஒரு மனிதரின் உறக்கத்திலிருந்தும் அவருடைய வீட்டு நாளிலிருந்தும் எடுத்து ஈடுகட்டுகிறோம்.

லாரி உரிமையாளருக்கும் கவலைகள் உண்டு. கடன் தவணை மாதந்தோறும் வந்து நிற்கும். லாரி வெறுமையாகத் திரும்பினால் டீசலும் சுங்கக் கட்டணமும் கைக்காசு. ஓட்டுநரின் நிலையோ இன்னும் இடுக்கமானது. வருமானத்தின் பெரும்பகுதி நடைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் படியாதலால், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு. முன்பு உடன் சென்ற கிளீனரும் இன்று பல லாரிகளில் இல்லை. தூத்துக்குடிக்குப் போகிறவராவது சில நாள்களில் திரும்பலாம்; தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் பனியன் ஏற்றிச் செல்கிறவர், திரும்பும் லோடு எங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் சென்று வாரக்கணக்கில் கழித்தே ஊரைப் பார்க்கிறார்.

"சும்மா இருந்தீங்களே" என்ற அந்தச் சொல்லையே நாம் ஆராய வேண்டும். லோடுக்காகக் காத்திருப்பது ஓய்வாகுமா? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது; வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் அளித்தது. போக்குவரத்து தடைபடாதிருக்க ஓய்வுநாளில் வேலை வாங்க நேர்ந்தாலும், தொடர்ந்து 10 நாள்களுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டபோதும், இந்த 10 நாள் வரம்பை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த ஓய்வுநாள் எங்கே கழிய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. துறைமுக வாசலில் லாரியைக் காவல் காத்துக் கிடக்கும் நாளையும் ஓய்வு என்று கணக்கெழுத இடம் ஏற்பட்டுவிடுகிறது.

ஐரோப்பிய நாடுகளில் இக்குறை உணரப்பட்டது. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, நான்கு வாரத்துக்கு ஒருமுறையேனும் ஓட்டுநர் தம் இல்லத்துக்கோ நிறுவனத்தின் இருப்பிடத்துக்கோ திரும்பும் வகையில் வேலையை வகுப்பது முதலாளியின் கடமை. 45 மணி நேர முழு வார ஓய்வை லாரியின் உள்ளேயே கழிக்க வைப்பதும் ஆகாது. நம் ஊரில் தைத்த அதே சட்டை ஐரோப்பியச் சாலையில் ஏறியதும், அதைச் சுமந்து செல்பவருக்கு இவ்வுரிமை கிடைத்துவிடுகிறது. அவிநாசிச் சாலையில் அதைச் சுமப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை?

அவிநாசி என்றதும் 2020 பிப்ரவரி 20 விடியற்காலை நினைவுக்கு வருகிறது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மீது கண்டெய்னர் லாரி ஒன்று மோதி, 19 பேர் உயிரிழந்தனர். ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அன்று கூறப்பட்டது. ஓய்வு என்பது ஓட்டுநர் ஒருவரின் தனிக் காரியமன்று. எதிரே வரும் பேருந்தில் உறங்கிக்கொண்டிருப்போரின் உயிரும் அதில் அடங்கியுள்ளது.

நம் திருச்சபை இதில் என்றும் மௌனமாயிருந்ததில்லை. பழைய ஏற்பாட்டின் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்காமல், வேலையாளையும் அந்நியனையும் மாட்டையுங்கூட நினைவுகூர்ந்தது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் ஓய்வை உரிமையென வலியுறுத்தினார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், வார ஓய்வையும் ஆண்டு விடுமுறையையும் தொழிலாளியின் உரிமைகளுள் வைத்தார். 2007-இல் உரோமையிலிருந்து சாலைப் பயணத்தைப் பற்றித் தனியொரு மேய்ப்புப்பணி வழிகாட்டியே வெளிவந்தது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? லாரி ஆபீஸ் நடத்தும் அன்பர்களே, லோடு புறப்படும் தேதியை எழுதும் அதே பலகையில் ஓட்டுநர் வீடு திரும்பும் தேதியையும் எழுதி வையுங்கள். அந்நாளுக்கு மாற்று ஓட்டுநரை முன்கூட்டியே பேசி வையுங்கள். காத்திருந்த நாளை விடுப்பில் கழிக்காதீர்கள். கம்பெனிகளில் சூப்பர்வைசராகவும் பேக்கிங்கிலும் பணிபுரிவோர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். நள்ளிரவில்தான் பெட்டி தயாராகும் என்று தெரிந்தும் நண்பகலிலேயே லாரியை வரவழைத்து நிறுத்தாதீர்கள். நீங்கள் உண்மையான நேரத்தைச் சொன்னால், ஒருவர் அதற்குள் உறங்கி எழுவார். ஓட்டுநர்களே, நீங்களும் சொன்ன நாளில் பணிக்குத் திரும்புங்கள். ஒருவர் வாக்குத் தவறினால் அடுத்தவரின் விடுப்பு மறுக்கப்படுகிறது. குடும்பத்தாரே, தந்தை வந்து சேரும் நாள் புதனாயினும் வெள்ளியாயினும், அன்றே குடும்ப செபத்தையும் விருந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும் நாளே அவ்வீட்டுக்கு ஞாயிறு.

அந்தச் சிறுமியின் தந்தை இப்போது வேறோர் ஆபீசில் லாரி ஓட்டுகிறார். நடைகள் குறைவு, படியும் குறைவு. வேலையில் சேருமுன் அவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம். "மாசத்துல எந்த நாளுங்க என்னை வீட்டுக்கு விடுவீங்க?" என்று மட்டும் கேட்டாராம். புதிய மேலாளர் நாள்காட்டியை எடுத்து இரண்டு தேதிகளில் வட்டமிட்டுக் கொடுத்தார். அத்தாள் இன்று அவர் வீட்டில், திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. வட்டமிட்ட நாள் வந்ததும், மகள் பள்ளி விட்டு ஓடி வருகிறாள் என்று அவளுடைய தாய் நம்மிடம் கூறினார்.