சிலுவை வேறு, சுமத்தப்பட்ட சுமை வேறு

போன தவக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்கு ஆயாவை அழைத்துக்கொண்டு போனேன். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன முழங்கால் அவருக்கு. பதினான்கு நிலைகளிலும் மண்டியிட முடியாது என்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் மண்டியிட்டார். கடைசியில் மறையுரை. நம் வாழ்வில் வரும் துன்பமெல்லாம் கடவுள் நமக்குத் தந்த சிலுவை, சீரேன் ஊர் சீமோனைப்போல முணுமுணுக்காமல் சுமந்தால் விண்ணகத்தில் பலன் உண்டு என்றார் பாதிரியார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆயா சொன்னார்: “சீமோன் என்னா, கேட்டா வாங்கினான்? கழனிலேருந்து வந்துகினு இருந்தவனப் புடிச்சு தூக்க வச்சானுங்க. உங்க தாத்தாவ இழவு சொல்லப் புடிச்சுப் போன மாரிதான்.”

நற்செய்தியைத் திறந்து பார்த்தேன். ஆயா சொன்னதுதான் அங்கே இருக்கிறது. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் படைவீரர்கள் பிடித்து, இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி கட்டாயப்படுத்துகிறார்கள். அவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தாத்தாவிடமும் யாரும் கேட்கவில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பத்து ஊருக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும், பறையடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். மறுத்தால் அடி, அல்லது அடுத்த நாள் கழனியில் வேலை இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

துன்பத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று கிறிஸ்தவம் சொல்கிறது. அந்த நம்பிக்கையைக் கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஆயாவின் எழுபது சொச்ச வருட வாழ்க்கையை நிமிர்த்திப் பிடித்தது அந்த நம்பிக்கைதான். என் கேள்வி வேறு. அந்த அர்த்தத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? துன்பப்படுகிறவருக்கா, துன்பத்தைத் தருகிறவருக்கா?

விவிலியமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்த நிலை என்று விளக்கம் கொடுக்கிறார்கள். யோபு ஒப்புக்கொள்ள மறுத்துக் கடவுளிடமே வழக்காடுகிறார். முடிவில் கடவுள் கடிந்துகொள்வது நண்பர்களைத்தான். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபு என்கிறார். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. கடவுளின் செயல் இவரிடம் வெளிப்பட வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் அந்தச் செயல், இருட்டைப் பொறுத்துக்கொள் என்று அறிவுரை சொல்வதாக இல்லை. அவருக்குப் பார்வை கிடைக்கிறது.

பிறப்பையும் துன்பத்தையும் முன்வினையால் முடிச்சுப் போடும் கோட்பாட்டின் கீழ் நசுங்கிய மக்களுக்கு இந்தப் பதில் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! அண்ணல் அம்பேத்கரும் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் முற்பிறவிக் கர்மக் கோட்பாட்டைப் புத்தரின் போதனையாக ஏற்க மறுத்தார். உன் இழிவுக்கு நீயே காரணம் என்ற பொய்யை உடைக்காமல் எந்த விடுதலையும் தொடங்காது என்பது அவருக்குத் தெரியும். நம் முன்னோர் சேரியிலிருந்து தேவாலயத்துக்கு நடந்ததற்கும் அந்தப் பொய்யை உதற வேண்டும் என்ற வேட்கை ஒரு காரணம்.

நடந்து போனார்கள், அங்கே கிடைத்தது என்ன? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளின் பிணங்களைப் பிரிக்க ஒரு சுவர். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனித்தெரு, தனிக் கல்லறை. 2008 மார்ச்சில், தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் அதே மதத்தைச் சேர்ந்த ஆதிக்கச் சாதியினரால் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

அரசும் தன் பங்குக்குச் சுமையை ஏற்றியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் இன்றும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது, தடை நீங்கவில்லை. தமிழ்நாட்டில் என் சான்றிதழ் என்னைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறது. பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்க முடியாது. நாளை யாராவது என்னைச் சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எனக்குத் துணை வராது. ஊரில் நான் பறையன், கோயிலில் பின்வரிசை, தாசில்தார் அலுவலகத்தில் மட்டும் கிறிஸ்தவன்.

இந்த நிலையில் இருப்பவரிடம் ‘இது உன் சிலுவை’ என்று சொல்வது ஆறுதலா? கல்லறையில் சுவரைக் கட்டிவிட்டு, அந்தச் சுவரையும் கடவுள் தந்த சிலுவை என்பது கடவுளைச் சாதிக்கு அடியாளாக்கும் வேலை.

இயேசு தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வா என்று சொன்னது உண்மை. ஆனால் அவர் அதைச் சொன்னது தன்னைப் பின்பற்ற விரும்பியவர்களிடம். எருசலேமுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தே போனார். கோயிலில் காசு மாற்றுபவர்களின் மேசைகளைக் கவிழ்த்தார். அதிகாரத்தை எதிர்த்ததற்கு அதிகாரம் கொடுத்த தண்டனை சிலுவை. நீதிக்காக நிற்பதால் வரும் துன்பம் சிலுவை. அநீதியால் வரும் துன்பம் வெறும் சுமை. முன்னதை விரும்பி ஏற்கலாம். பின்னதை இறக்கி வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவத்தின் தந்திரம் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தோடு போராடியவர்கள் நாம் மட்டுமல்ல. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011இல் எழுதிய நூலில், சிலுவையையும் கறுப்பர்களை அடித்துத் தொங்கவிட்ட மரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தொங்கவிடப்பட்டவரோடு கடவுள் இருக்கிறார் என்பது அவர் கண்ட அர்த்தம். ஆனால் அதற்கு முன்பே, 1993இல், டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இறையியலாளர் எச்சரித்திருந்தார்: மற்றவர்களுக்காகத் துன்பப்படுவது புனிதம் என்று போதித்தால், ஏற்கெனவே மற்றவர்களின் சுமையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் நிலை அதனால் இன்னும் மோசமாகும். இங்கே அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கிளைத்தது. தலித்துகளின் வலியை இறையியலின் தொடக்கப் புள்ளியாக்கியவர் அவர்.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த மதம் எதற்கு, ஆயாவை ஏன் இன்னும் கோயிலுக்கு அழைத்துப் போகிறாய் என்று. நியாயமான கேள்வி. என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆயா அந்தச் சிலுவையில் பார்ப்பது அடங்கிப் போ என்ற கட்டளையை அல்ல. ஊருக்கு வெளியே கொண்டுபோய், துணியை உருவி, ஊரே பார்க்க அவமானப்படுத்திக் கொல்லப்பட்ட ஒருவரைப் பார்க்கிறார். தன் புருஷனுக்கு நடந்ததன் சாயலை அவரிடம் அடையாளம் காண்கிறார். அந்த ஆள்தான் கடவுள் என்றால், அவமானப்படுத்தியவர்கள் கடவுளின் பக்கம் இல்லை என்று அவருக்குப் புரிகிறது. இந்தப் புரிதலை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? அவர் நம்பிக்கையை அல்ல, அவர் மீது போதிக்கப்படும் அடக்கத்தைத்தான் நாம் எதிர்க்க வேண்டும்.

திருச்சபையிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1984இல் போப் இரண்டாம் ஜான் பால் துன்பத்தின் பொருள் பற்றி எழுதிய மடலே, நல்ல சமாரியன் கதையில்தான் வந்து நிற்கிறது. அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் விளக்கம் சொல்லவில்லை, காயத்தைக் கட்டினான். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித்துகளுக்கான அதிகாரமளித்தல் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது போதாது. கல்லறைச் சுவர்களை இடியுங்கள். தேர்ப்பவனி எல்லாத் தெருவுக்கும் போகட்டும். 1950 ஆணைக்கு எதிராக அறிக்கையோடு நிற்காமல் தெருவுக்கு வாருங்கள். அதனால் ஆதிக்கச் சாதிப் பங்கு மக்கள் கோபப்பட்டால், காணிக்கை குறைந்தால், அதுதான் உங்கள் சிலுவை. அதை முணுமுணுக்காமல் சுமந்து காட்டுங்கள்.

சிலுவைப்பாதையில் சீமோனுக்கு அடுத்த நிலை வெரோனிக்கா. அவரை யாரும் பிடித்து இழுக்கவில்லை. காவலர்களைத் தாண்டித் தானே வந்து, இரத்தம் வழியும் முகத்தைத் துடைத்தார் என்கிறது மரபு. தனிப் பங்கு கேட்டால் அடி விழும் என்று தெரிந்தும் கேட்ட எறையூர் மக்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பட்ட துன்பத்துக்கு அர்த்தம் இருக்கிறது. அதை அவர்களுக்கு எந்தப் பிரசங்க மேடையும் கொடுக்கவில்லை.

அடுத்த தவக்காலத்துக்கும் ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். மறையுரையில் சீமோன் வந்தால், அவரைப் பிடித்தவர்கள் யார் என்று எழுந்து கேட்பதாக இருக்கிறேன்.