நுரை வந்தால்தான் சுத்தமா?

கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் தென்பெண்ணை ஆறு முழுக்க வெள்ளை நுரை. ஓசூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. தூரத்திலிருந்து பார்த்தால் ஊட்டிப் பனி மாதிரி அழகாகத்தான் இருக்கும். கிட்டே போனால் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

"எல்லாம் பெங்களூர்க்காரன் வேலை" என்பது எங்கள் ஊர் டீக்கடைத் தீர்ப்பு. பொய்யில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் ஆறு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் பெங்களூர்ச் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் இங்கே வருகிறது. பெல்லந்தூர் ஏரி 2015-ல் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் எரிந்த அதிசயம்!

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நுரைக்கு முக்கியக் காரணம் தொழிற்சாலை மட்டுமில்லை, வீட்டுச் சோப்புத்தூளும்தான். 1950-களில் ஐரோப்பிய ஆறுகளும் இப்படித்தான் நுரைத்தன. அன்றைய சோப்புத்தூளில் இருந்த ரசாயனத்தைப் பாக்டீரியாக்களால் எளிதில் தின்ன முடியவில்லை. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது, 1964-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் மட்கக்கூடிய ரசாயனத்துக்கு மாறின. இன்று நாம் வாங்குவதும் பெரும்பாலும் அந்த வகைதான்.

பிறகு ஏன் நுரைக்கிறது? அது மட்க, தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை தேங்கிய ஏரியில் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? மட்காமல் அப்படியே வந்து, மதகில் விழும்போது காற்றோடு கலந்து பொங்குகிறது. விஞ்ஞானம் தன் பாதி வேலையைச் செய்துவிட்டது. மீதிப் பாதியான சாக்கடைச் சுத்திகரிப்பைத்தான் நாம் அரைகுறையாக விட்டுவிட்டோம்.

இதில் பெரிய வேடிக்கை, அழுக்கைப் போக்க நுரையே தேவையில்லை. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கென்று விற்கும் தூளில், நுரை வந்தால் சரியாகத் துவைக்காது என்று வேண்டுமென்றே நுரையைக் குறைத்திருக்கிறார்கள். டிவி விளம்பரத்தில் மட்டும் வாளி நிறைய நுரை பொங்கும். அதைப் பார்த்துப் பழகிய அம்மா, "நுரையே வரலையேடா, இன்னும் ஒரு பிடி போடு" என்பார். நானும் போடுவேன். விஞ்ஞானம் படிக்கிற பையன்!

போன வாரம் அப்பாவிடம், "நம்ம மெஷின் தண்ணி எங்கப்பா போகுது?" என்று கேட்டேன்.

"தெருச் சாக்கடைக்கு."

"அப்புறம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகும்னு நினைக்கிறேன்."

அங்கே இருப்பவர்கள் டீக்கடையில் யாரைத் திட்டுவார்களோ!